குழந்தைகள் காப்பகத்தில் முதலுதவிப் பெட்டி இருந்தால் மட்டும் போதுமா?

பாடி, அம்பத்தூர் பக்கம் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோர் ஏராளம். சேர்க்கும்போது ஏ.சி., சிசிடிவி பற்றி விசாரிப்பார்கள். முதலுதவி யாருக்குத் தெரியும்னு கேட்பவர்கள் குறைவு.

இந்தப் பகுதி தொழிற்சாலைகளுக்குப் பழகிய விதி ஒன்று உண்டு. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும், அதன் பொறுப்பாளர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். பெரியவர்களுக்கே இப்படி! இங்கிலாந்தில், குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவராவது காப்பகத்தில் எந்நேரமும் இருந்தாக வேண்டும். 12 மணி நேரப் பயிற்சி; 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

தனிப் பயிற்சி எதற்கு? பெரியவர்களுக்குச் செய்வதைக் கைக்குழந்தைக்குச் செய்யக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ அழவோ முடியவில்லை என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நடுநெஞ்சில் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யணும். இன்னொருவர் 108-ஐ அழைக்கணும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே போய்விடும்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. காப்பகத்தில் சான்றிதழைக் காட்டினால் தேதியையும் பாருங்க. அவர் லீவு போட்டால் அன்றைக்கு யார் என்றும் கேளுங்க.