ரெட் லேபிளா, ஜேம்சனா? பரிசு பாட்டில் வாங்குவோர் கவனத்துக்கு

வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புபவர்களிடம் "மாப்ளே, வரும்போது ஒரு பாட்டில் மறந்துடாதே" என்று சொல்லி வைப்பது தமிழகத்தில் சகஜம். துபாய், சிங்கப்பூர் விமான நிலைய டியூட்டி ப்ரீ கடைகளில் பாக்கெட்டை ரொம்ப கடிக்காத விலையில் கிடைப்பவை ஜானிவாக்கர் ரெட் லேபிள், ஜேம்சன் ஆகிய 2 விஸ்கிகள். இதில் எதை எடுப்பது என்று புரியாமல் பலர் முழிப்பது உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருமாறு:-

ரெட் லேபிள்

இது ஸ்காட்லாந்து நாட்டு ஸ்காட்ச் விஸ்கி. 1820-ம் ஆண்டு கில்மார்னாக் நகரில் ஜான் வாக்கர் நடத்திய மளிகை கடைதான் இந்த கம்பெனியின் ஆரம்பம். 'ரெட் லேபிள்' என்ற பெயர் 1909-ல் வந்தது. பார்லியில் தயாராகும் மால்ட் விஸ்கியையும், மற்ற தானியங்களில் தயாராகும் கிரெய்ன் விஸ்கியையும் கலந்து இதை உருவாக்குகிறார்கள்.

இதில் லேசான புகை வாசனையும், மிளகு போன்ற காரமும் இருக்கும். பீட் எனப்படும் சதுப்பு நில கரிமண்ணை எரித்து, அந்த புகையில் பார்லியை உலர்த்துவதால் வருவதுதான் அந்த வாசனை. சோடா, ஐஸ் சேர்த்தாலும் ருசி அடங்கிப் போகாது. அப்படியே குடித்தால் சிலருக்கு தொண்டையில் காட்டமாக தெரியும்.

ஜேம்சன்

இது அயர்லாந்து விஸ்கி. 1780-ம் ஆண்டு டப்ளின் நகரில் தொடங்கியது. 1975-ல் இருந்து கார்க் பகுதியில் உள்ள மிடில்டன் ஆலையில் தயாராகிறது. இதன் விசேஷமே 3 முறை காய்ச்சி வடிப்பதுதான். ஸ்காட்ச் மால்ட் விஸ்கியை பொதுவாக 2 முறைதான் வடிப்பார்கள்.

ஜேம்சனில் புகை வாசனை கிடையாது. லேசான இனிப்பும், வெண்ணிலா மணமும் இருக்கும். தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். சோடா இல்லாமல், கொஞ்சம் தண்ணீரோ 2 ஐஸ் கட்டியோ போட்டு நிதானமாக குடிப்பவர்களுக்கு இது ஏற்றது.

யாருக்கு எது?

தரத்தில் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் ஆல்கஹால் 40 சதவீதம். இரண்டு நாட்டு சட்டப்படியும் விஸ்கி குறைந்தது 3 ஆண்டு மரப்பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும். எனவே வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, பரிசு பெறுபவர் எப்படி குடிப்பார் என்பதைத்தான்.

சோடா கலந்து குடிக்கும் மாமா, மச்சானுக்கு ரெட் லேபிள் போதும். காட்டம் பிடிக்காதவருக்கு ஜேம்சன். வீட்டுக்கு நண்பர்கள் வரும்போது எடுத்து வைக்க ஒரே ஒரு பாட்டில்தான் என்றால், சோடாவோடும் சேரும், தனியாகவும் குடிக்கலாம் என்ற வகையில் ஜேம்சன் கைகொடுக்கும். பாட்டிலை வெயில் படாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் விஸ்கிக்கு வயது கூடாது.

குடியை விட்டவருக்கும், விட முயற்சி செய்பவருக்கும் எந்த பாட்டிலையும் பரிசாக கொடுக்காமல் இருப்பதே அந்த குடும்பத்துக்கு செய்யும் நல்லது.

2 லிட்டர்தான் அனுமதி

வெளிநாட்டில் இருந்து இந்தியா வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது வகைகளை சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம். மும்பை, டெல்லியில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் மதுரை, திருச்சி போகிறவர்கள், பாட்டிலை கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டு விடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதுகாப்பு சோதனையில் பறிபோக வாய்ப்பு உண்டு.

போலி உஷார்

"ஏர்போர்ட் சரக்கு, பாதி விலைதான்" என்று முன்பின் தெரியாதவர்கள் கொண்டு வரும் பாட்டில்களை நம்பக்கூடாது. காலி பாட்டிலில் மட்ட சரக்கை ஊற்றி, புது மூடி போட்டு விற்பது பழைய தந்திரம். மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, லேபிள் எழுத்து மங்கி இருந்தாலோ வாங்காதீர்கள். அதேபோல் காலியான பாட்டிலை பழைய பேப்பர் கடையில் போடும் முன் லேபிளை கிழித்து விட வேண்டும்.

போலி மதுவில் மெத்தனால் கலந்திருந்தால் ருசியிலோ, வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனால் உயிரை பறிப்பதோடு கண் பார்வையையும் பறிக்கும்.

'பாரின் சரக்கு' ஒன்றும் செய்யாதா?

"பாரின் சரக்கு உடம்பை ஒண்ணும் செய்யாது" என்று சொல்வது தப்பு கணக்கு. டாஸ்மாக் கடைகளில் விற்கும் இந்திய விஸ்கிகளில் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம். ரெட் லேபிள், ஜேம்சனில் 40 சதவீதம். அதாவது 60 மில்லி 'லார்ஜ்' ஒன்றில் உள்ள வித்தியாசம் 2 மில்லி கூட இல்லை. கல்லீரலுக்கு சொந்த நாட்டு சரக்கு, பாரின் சரக்கு என்ற பேதம் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது.

வழவழப்பாக இறங்குவதால் எத்தனை ரவுண்டு போனது என்பதே தெரியாமல் போய்விடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். எனவே விருந்துக்கு அழைப்பவர்கள், பாட்டிலை திறக்கும் முன்பே விருந்தாளியின் பைக் சாவியை வாங்கி வைத்துவிட்டு, திரும்பிப் போக ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்து விடுவது நல்லது.