ஏழாம் வகுப்பில் தொடங்கும் பாடம்: பால் பிரவுனும் மாஸிலன் நகரமும்

போன ஆகஸ்ட் மாதம் என் பையன் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஏழாம் வகுப்பு ஃபுட்பால் டீமில் சேர விரும்பும் பசங்களுக்கானது. நாங்கள் ஒஹாயோவுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அந்த ஆட்டம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறேன். நம்மூர் கால்பந்தை நினைத்துக்கொண்டு படித்தால் குழம்பிவிடும்.

கோச் எழுந்து சொன்ன முதல் விஷயமே விநோதமாக இருந்தது. "இந்த வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிப்போம்னு என்கிட்ட கேட்காதீங்க. ஹை ஸ்கூல் டீம் என்ன ஆடுதோ அதையேதான் இங்கயும் ஆடுவோம். அதே பேரு, அதே நம்பர். உங்க பையன் அங்க போகும்போது புதுசா எதையும் கத்துக்க வேண்டியிருக்காது." சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு ஃபைல் கொடுத்தார். உள்ளே வட்டமும் அம்புக்குறியுமாகப் படங்கள். கூடவே ஒரு அனுமதிப் படிவம், பெற்றோர் கையெழுத்துப் போட.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எதற்கு ஹை ஸ்கூல் பாடம்? இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது? வழக்கம்போல நூலகம், பழைய செய்தித்தாள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை எங்கேயோ தூரத்துக்குக் கொண்டுபோகவில்லை. இதே ஒஹாயோவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாஸிலன் என்ற ஊரில், 1932ஆம் ஆண்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

மாஸிலன் ஒரு எஃகு ஊர். 1930களில் மக்கள்தொகை சுமார் 26 ஆயிரம். பக்கத்திலேயே கேன்டன். 1920இல் இன்றைய என்.எஃப்.எல். தொழில்முறை லீகை ஒரு கார் ஷோரூமில் உட்கார்ந்து தொடங்கினார்களே, அதே கேன்டன்தான். இரண்டு ஊர்களின் ஹை ஸ்கூல்களும் 1894இலிருந்து மோதிவருகின்றன. மாஸிலன் வாஷிங்டன் ஹை ஸ்கூலுக்குப் புலி சின்னம். கேன்டன் மெக்கின்லி பள்ளிக்கு புல்டாக். மதுரைக்காரர்களிடம் ஜல்லிக்கட்டு பற்றிப் பேசிப் பாருங்கள், அந்த வேகம் இந்த ஊர்க்காரர்களிடம் இந்த மேட்ச் பற்றிப் பேசும்போது இருக்கும்.

1932இல் மாஸிலன் பள்ளி தன் பழைய மாணவர் ஒருவரையே கோச்சாக எடுத்தது. பெயர் பால் பிரவுன். 1908இல் பிறந்தவர், அப்போது 24 வயசுகூட நிரம்பவில்லை. இதே பள்ளிக்கு குவார்ட்டர்பேக்காக ஆடியவர். மேரிலாந்தில் ஒரு சின்னப் பள்ளியில் இரண்டு வருஷம் கோச்சாக இருந்த அனுபவம் மட்டும் உண்டு. காலமோ பெரும் பொருளாதார மந்தம். ஊரில் வேலை இல்லை, பள்ளியில் காசு இல்லை. டீமும் முந்தின வருஷம் பத்து மேட்சில் இரண்டே இரண்டுதான் ஜெயித்திருந்தது.

பிரவுன் வந்த முதல் வருஷம் 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் 8 வெற்றி. அதற்கடுத்து 9. 1935இல் பத்துக்குப் பத்து. ஒன்பது வருஷம் கழித்து அவர் கிளம்பும்போது மொத்தக் கணக்கு: 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். கடைசி ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தோல்வி. 1940ஆம் ஆண்டு டீம் மொத்தம் 477 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 6.

இந்த எண்களைப் பார்த்தால் எல்லாரும் கேட்கும் கேள்வி, "அப்படி என்னப்பா ரகசியம்?" என்பதுதான். எனக்குப் பட்ட பதில், அவர் ஹை ஸ்கூலில் செய்ததைவிட, அதற்குக் கீழே ஜூனியர் ஹை பள்ளிகளில் செய்ததில் இருக்கிறது.

ஃபுட்பாலில் ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே எழுதப்பட்டது. பதினொரு பேருக்கும் தனித்தனி வேலை. யார் எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்க வேண்டும், யாரைத் தடுக்க வேண்டும், எத்தனை அடி ஓடித் திரும்ப வேண்டும் என்று எல்லாமே தீர்மானமானது. ஒருத்தன் மறந்தாலும் நகர்வு முழுக்கச் சரிந்துவிடும். எங்கள் தொழிலில் சொன்னால், பதினொரு மாட்யூல் ஒரே நொடியில் சேர்ந்து ஓட வேண்டும், டெஸ்டிங்குக்கு நேரம் கிடையாது. இவ்வளவையும் பதினைந்து வயசில் டீமுக்கு வரும் பையனுக்குச் சில வாரத்தில் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். பாதி சீசன் பாடத்திலேயே போய்விடும்.

பிரவுன் என்ன செய்தார் என்றால், ஊரின் ஜூனியர் ஹை பள்ளிகளில் தன் முறையையே கற்பிக்க ஏற்பாடு செய்தார். அங்கேயும் அதே அமைப்பு, அதே பெயர்கள், அதே அடிப்படைப் பயிற்சிகள். ஒரு பையன் ஹை ஸ்கூல் மைதானத்தில் கால் வைக்கும்போது அவனுக்கு மொழி தெரியும். கோச் பெயரைச் சொன்னால் கால் தானாக நகரும். மற்ற ஊர்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போது மாஸிலன் பசங்கள் வாக்கியம் பேசினார்கள். வருஷா வருஷம் வெற்றி எண்ணிக்கை ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கீழே விதைத்தது மேலே வந்து சேர மூன்று வருஷம் ஆகும் இல்லையா, 1932இலிருந்து எண்ணிப் பாருங்கள், 1935 வரும்.

இரண்டாவது விஷயம், அவர் ஃபுட்பாலை ஒரு வகுப்பறைப் பாடமாக நடத்தினார். நகர்வுகளை எல்லாம் எழுதித் தொகுத்த பிளேபுக், அதைப் படித்து வரச் சொல்லித் தேர்வு. இன்று எந்த டீமிலும் இது சாதாரணம். மாஸிலனில் அன்று ஆட்டக்காரப் பையன் பேனா பிடித்து உட்கார்ந்தான். உடல் எடையைவிட வேகத்துக்கும் புத்திக்கும் அவர் மதிப்புக் கொடுத்தார். ஒழுங்கு விஷயத்தில் கண்டிப்போ கண்டிப்பு. மாற்று ஆட்டக்காரர்களைக்கூட பெஞ்சில் உட்கார விடமாட்டார், நின்றுகொண்டே ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, தோல் நிறம் பார்க்கவில்லை. அமெரிக்காவின் பாதிப் பள்ளிகள் நிறத்தால் பிரிந்திருந்த காலத்தில் அவருடைய மாஸிலன் டீமில் கறுப்பின மாணவர்கள் ஆடினார்கள். 1940 டீமில் ஆடிய ஹொரஸ் கில்லம் பிற்பாடு அவருடைய கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் டீமிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். எதிரணியான கேன்டன் மெக்கின்லியில் அன்று ஆடிக்கொண்டிருந்த மேரியன் மோட்லியையும் பிரவுன் மறக்கவில்லை. 1946இல் மோட்லியையும் பில் வில்லிஸையும் அவர் ஒப்பந்தம் செய்தபோது பேஸ்பாலின் பெரிய லீகில் ஜாக்கி ராபின்சன் இன்னும் இறங்கவில்லை. அது நடந்தது 1947இல்.

சரி, இதுவரை சொன்னது ஒரு நல்ல வாத்தியாரின் கதை. இதே காலத்தில் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1937 ஜூலை 11. எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மாஸிலனில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். கூலிக்காரன், கம்பெனி ஆள், போலீஸ்காரன் என்று ஊர் பிளந்து கிடந்தது. அடுத்த சில வாரங்களில் செப்டம்பர் வந்தது, ஃபுட்பால் சீசன் வந்தது. அதே ஊர் ஒரே கூட்டமாக உட்கார்ந்து புலிகளுக்குக் கை தட்டியது. 1938இல் ஜார்ஜ் 'ரெட்' பேர்ட் என்பவர் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவராக வந்து இடைவேளையையே ஒரு திருவிழாவாக ஆக்கினார். 1939இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஒரு பெரிய ஸ்டேடியம் எழுந்தது. இன்று அதில் 16 ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள், ஊரின் ஜனத்தொகை 32 ஆயிரம் சொச்சம். ஒரு பள்ளி மைதானத்தில் பாதி ஊர் உட்காரலாம்!

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது உண்மை. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிளந்து கிடக்கும் ஒரு ஊரை ஒட்டவைக்கும் வேலையைப் பதினாறு வயசுப் பையன்கள் தலையில் வைக்கிறோமே, அது நியாயமா?

பிரவுன் 1941இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மாநிலத்தின் ஹை ஸ்கூல் கோச்சுகள் எல்லாம் அவருக்காகப் பேசினார்கள். மறு வருஷமே தேசிய சாம்பியன். பிறகு தொழில்முறை ஃபுட்பாலில் அவர் செய்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. சக் நால், டான் ஷூலா, பில் வால்ஷ் என்று அவரிடம் ஆடியவர்களும் உதவியாளராக இருந்தவர்களும் பெரிய கோச்சுகள் ஆனார்கள். அதாவது அவர் வாத்தியார்களை உருவாக்கிய வாத்தியார்.

ஆனால் மாஸிலனில் தங்கிவிட்டது என்ன? ஊரில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு மருத்துவமனைத் தொட்டிலிலேயே ஒரு குட்டி ஃபுட்பால் வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. ரசிகர் சங்கம் கொடுத்தது. கேட்க அழகாக இருக்கிறது. 2001இல் வந்த 'கோ டைகர்ஸ்' என்ற ஆவணப்படம் அதே ஊரைப் பற்றியது. எட்டாம் வகுப்பில் பையனை வேண்டுமென்றே ஒரு வருஷம் நிறுத்திவைக்கும் வழக்கத்தை அதில் காட்டுகிறார்கள். படிப்பு வரவில்லை என்பதற்காக இல்லை. ஹை ஸ்கூலுக்குப் போகும்போது ஒரு வயசு கூடுதலாக, உடம்பு கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதற்காக.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பிரவுன் அமைத்ததில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று குழாய்: கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு ஆட்டக்காரர்களைக் கொண்டுவரும் வழி. இன்னொன்று அந்தக் குழாயில் ஓடிய தண்ணீர்: பொறுமையாக, எழுதிக் காட்டி, தேர்வு வைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம். குழாயைக் காப்பியடிப்பது சுலபம். ஏழாம் வகுப்புக்கு ஹை ஸ்கூல் பிளேபுக்கை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. பாடம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டும். தண்ணீர் இல்லாத குழாயில் கடைசியில் பையன்கள் மட்டும்தான் ஓடுவார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரவுன் காலத்தில் தலையில் படும் அடியைப் பற்றி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபோது, அவர் மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு கண்டது மொத்த விவாதத்தையும் மாற்றியது. 1929இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய பாப் வார்னர் என்ற சிறுவர் ஃபுட்பால் அமைப்பே 2012இல் மோதல் பயிற்சியை மொத்தப் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்று விதி போட்டது. ஆக, பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதோடு எவ்வளவு மோத விடுகிறோம் என்பதும் இன்று கோச்சின் பாடத்திட்டத்தில் வர வேண்டியது.

இத்தனையும் படித்துவிட்டு அந்த கோச்சிடம் திரும்பப் போனேன். "என் பையன் ஹை ஸ்கூல் டீமுக்குத் தேறலைன்னு வெச்சுக்குவோம். இங்க அவன் இருக்கற காலத்துல அவனுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. "ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பாருங்க" என்றார்.

போனேன். முதல் இருபது நிமிஷம் மைதானத்துக்கே போகவில்லை. வகுப்பறையில் பசங்கள் நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீமிலேயே குள்ளமான ஒரு பையன் கரும்பலகைக்குப் போய், நகர்வு முழுவதையும் பதினொரு பேரின் வேலையோடு வரைந்து காட்டினான். அவன் மேட்சில் அதிகம் ஆடுபவன் இல்லை என்று பின்னால் தெரிந்தது. கோச் அவனிடம் மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்குச் சரியாகச் சொன்னான். மூன்றாவதுக்கு விழித்தான். கோச் சிரித்துவிட்டு, சாக்பீஸைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்து, "யோசி, நேரம் இருக்கு" என்றார்.

அந்தப் பையன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். மோதல் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மட்டும். அடுத்த ஆகஸ்டில் திரும்ப ஒரு நாள் போய் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்வதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.