வெட்டும் அதிகாரம் யாருக்கு? லினக்ஸ் கர்னலின் இரண்டு ட்ரங்கேட் முறைகள்

ஒரு கோப்பின் வாலை வெட்டு (ட்ரங்கேட்) என்று நிரல் கேட்பது ஒற்றை வரியில். கர்னலுக்கோ அது மூன்று இடத்து வேலை. கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் பதிந்த அளவைக் குறைக்க வேண்டும். நினைவகத்தில், பேஜ் கேஷில் கிடக்கும் பக்கங்களைக் கழிக்க வேண்டும். வட்டில் அந்தப் பகுதி பிடித்திருந்த பிளாக்குகளை விடுவிக்க வேண்டும். 2010-க்கு முன்பிருந்த லினக்ஸும் பின்வந்த லினக்ஸும் இந்த மூன்றையும் செய்கின்றன. யார் கையால் செய்வது, 'முடியாது' என்று எந்தக் கட்டத்தில் சொல்ல முடியும் என்பதில்தான் வேறுபாடு.

பழைய முறையில் தலைமை விஎம்ட்ரங்கேட் என்ற பொதுச் செயல்கூற்றிடம் இருந்தது. அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். ஐநோடில் புதிய அளவை எழுதும். பேஜ் கேஷைச் சுத்தம் செய்யும். கடைசியாகக் கோப்பு முறைமையின் ட்ரங்கேட் கூற்றை அழைத்து, பிளாக்குகளை விடுவிக்கச் சொல்லும். அந்தக் கூற்றின் திரும்பு மதிப்பு வாய்டு. அதாவது, வேலை கெட்டுப்போனாலும் அதைத் தெரிவிக்க வழியே கிடையாது. பட்டாவில் பரப்பைக் குறைத்து எழுதிவிட்டு, அதன்பின் நிலத்தை அளக்க சர்வேயரை அனுப்பி, அவர் திரும்பி வந்து என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று முடிவெடுத்த அலுவலகம் போன்றது அது.

கோப்பைச் சுருக்குவதில் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றலாம். நிறையவே கெடும். புதிய முடிவு ஒரு பிளாக்கின் நடுவில் விழுந்தால், மிச்சப் பகுதியைச் சுழியமாக்க அந்த பிளாக்கை வட்டிலிருந்து படிக்க வேண்டியிருக்கும், படிப்பது தோற்கலாம். ஜர்னல் வைத்திருக்கும் முறைமையில் பரிவர்த்தனையைத் தொடங்க முடியாமல் போகலாம். பிடிஆர்எஃப்எஸ் போன்றவை பழைய மெட்டாடேட்டாவின் மேலேயே எழுதாமல் புதிய இடத்தில் எழுதுபவை. அவற்றில் கோப்பைக் குறைப்பதற்கே கொஞ்சம் காலியிடம் வேண்டும். இவ்வளவு ஆபத்து உள்ள படியைக் கடைசியில் வைத்து, அதன் வாயையும் அடைத்ததுதான் பழைய முறையின் அடிப்படைக் கோளாறு என்பேன். என்எஃப்எஸ் இந்தப் பாதையை அப்படியே பின்பற்ற முடியவில்லை. சர்வர் ஒப்புக்கொள்ளாமல் உள்ளூர் அளவை மாற்றுவதில் பொருளில்லை. ஆகவே அது முதலில் சர்வரைக் கேட்டு, பிறகே தன் பக்கத்தை வெட்டிக்கொண்டது. பின்னால் எல்லாருக்கும் வந்த தீர்வின் சாடை அதில் ஏற்கெனவே தெரிகிறது.

கர்னல் நிரலாளர் நிக் பிகின் முன்வைத்து, கிறிஸ்டோஃப் ஹெல்விக் உள்ளிட்டோர் மற்ற முறைமைகளுக்கும் கொண்டுசென்ற புதிய வரிசை, தலைமையை இடம் மாற்றியது. அளவை மாற்றும் கோரிக்கை இப்போது நேராகக் கோப்பு முறைமையின் செட்ஆட்டர் கூற்றுக்கே போகிறது. பொதுக் கர்னல் உதவிக் கூறுகளை மட்டும் தருகிறது: வரம்பைச் சோதிக்க ஒன்று, அளவை எழுதிப் பேஜ் கேஷைக் கழிக்க ஒன்று. எதை எப்போது அழைப்பது என்பது முறைமையின் பொறுப்பு. இஎக்ஸ்டி2-இல் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. அது முதலில் வால் பிளாக்கைச் சுழியமாக்குகிறது. அது தோற்றால், அளவைத் தொடாமலே பிழையைத் திருப்பித் தந்துவிடுகிறது. முன்பு அதே பிழை அளவு மாறிய பிறகு வந்து, கவனிப்பாரின்றிப் போயிற்று. ஆனால் இஎக்ஸ்டி2-இல் அதற்கடுத்த பிளாக் விடுவிப்பு இன்னமும் பிழை சொல்லாத கூற்றுதான். புதிய முறை வாயைத் திறக்க அனுமதித்தது, பேச வைக்கவில்லை.

மாறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அளவு முதலில் குறைய வேண்டும், பிறகு பக்கங்கள் கழிய வேண்டும், பிளாக்குகள் கடைசியில் விடுபட வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டிலும் ஒன்றே. பிளாக்கை முதலில் விட்டால், கேஷில் தங்கிய பழைய பக்கம் பிற்பாடு வேறொரு கோப்புக்குப் போன பிளாக்கில் எழுதப்படலாம். கோப்பை நிரலின் நினைவகத்தோடு இணைக்கும் எம்மேப் இணைப்பை இரண்டு முறை நீக்குவதும் அப்படியே தொடர்கிறது: முதல் நீக்கத்துக்கும் பக்கம் கழிவதற்கும் இடையில் ஒரு நிரல் தனக்கென்று தனிப் பிரதி எடுத்துவிட்டால், அதைப் பிடிக்க இரண்டாவது சுற்று வேண்டும்.

புதிய முறைக்கு விலை உண்டு. முன்பு ஒரே இடத்தில் சரியாக இருந்த வரிசையை ஒவ்வொரு முறைமையின் ஆசிரியரும் தானே சரியாக எழுத வேண்டும். பாதியில் தோற்ற எழுத்து, கோப்பின் முடிவைத் தாண்டி ஒதுக்கிவிட்ட பிளாக்குகளை அகற்றுவதும் அவர் தலையில் விழுந்தது. இடமாற்றமும் மெதுவாகவே நடந்தது. விஎம்ட்ரங்கேட் முழுதாக நீங்கியது 3.8 பதிப்பில், 2013-இல்.

அதற்குள் 2011-இல், 2.6.38 பதிப்பில், கோப்பின் நடுவிலுள்ள பிளாக்குகளை மட்டும் விடுவிக்கும், அதாவது துளையிடும் வசதி வந்திருந்தது. துளையிடும்போது அளவு மாறுவதில்லை. வெட்டும்போது, பக்கத்தைத் தேடி வரும் பேஜ் ஃபால்ட் அளவைப் பார்த்தே ஒதுங்கிவிடும். துளைக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே அந்த ஃபால்ட்டைத் தடுக்க இஎக்ஸ்டி4-உம் எக்ஸ்எஃப்எஸ்ஸும் தத்தம் பூட்டுகளை உருவாக்கிக்கொண்டன. 2021-இல் வெளிவந்த 5.15 பதிப்பில் யான் காரா அவற்றுக்குப் பதிலாக ஒரே பொதுப் பூட்டைக் கர்னலில் வைத்தார். முடிவெடுக்கும் உரிமை கோப்பு முறைமையிடமே இருக்கிறது. பூட்டு மட்டும் பொது இடத்துக்குத் திரும்பியிருக்கிறது.