சகானா (மென்பொருள்)

சகானா என்பது பேரிடர்க்கால நிவாரணப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக இலங்கையில் உருவாக்கப்பட்ட, வலை வழி இயங்கும் கட்டற்ற மென்பொருள்.

தோற்றம்: 2004 டிசம்பர் 26 சுனாமியை அடுத்து உள்நாட்டுத் தன்னார்வ நிரலாளர்கள் இதை எழுதினர். பின்னர் லங்கா மென்பொருள் நிறுவகம் (லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன்) இதன் வளர்ச்சியைப் பொறுப்பேற்றது. 2009இல் சகானா மென்பொருள் அறக்கட்டளை அமைந்தது.

கருவித் தெரிவு: முதற் பதிப்பு லினக்ஸ் பணிசெயல் முறைமை, அப்பாச்சி வலைச் சேவையகம், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி ஆகிய நான்கையும் கொண்ட ‘லாம்ப்’ அடுக்கில் அமைந்தது. இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. சாதாரணக் கணினியே சேவையகமாகப் போதும். பிஎச்பி நிரலைத் தனியே தொகுக்க வேண்டியதில்லை. கோப்பில் செய்த திருத்தம் பக்கத்தை மீண்டும் ஏற்றியதும் புலப்படும். பயனருக்கு உலாவி மட்டுமே தேவை என்பதால், அவரது கணினியில் விண்டோசு இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் தடையில்லை. பின்னர் தோன்றிய ‘ஈடன்’ கிளை பைத்தான் மொழியையும் வெப்2பை சட்டகத்தையும் பயன்படுத்துகிறது.

கூறுகள்: காணாமற்போனோர் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவிக் கோரிக்கை முகாமை.

பயன்பாடும் முக்கியத்துவமும்: 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010 எயிட்டி நிலநடுக்கம் ஆகியவற்றின்போது பயன்படுத்தப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது.