கல்லறைத் தோட்டங்களும் திருச்சபை வரலாறும்

நம் திருச்சபைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் மிஷன் சங்கங்களின் அறிக்கைகளையும் மிஷனெரிமாரின் கடிதங்களையும் முதற் சான்றுகளாகக் கொள்வர். அவை இன்றியமையாதன. ஆயினும் அவற்றை எழுதியோர் பெரும்பாலும் அயல்நாட்டினர். அவர்களோடு உழைத்த உபதேசிமார், ஆசிரியர், வேதாகம ஸ்திரீகள் ஆகியோரைத் தேடுவோர் வேறோர் ஏட்டையும் திறத்தல் வேண்டும். முட்புதர் மூடிக்கிடக்கும் கிராமக் கல்லறைத் தோட்டமே அவ்வேடு.

கல்லறை எழுத்துகளைத் தொகுக்கும் பணி புதியதன்று. ஐ.சி.எஸ். அதிகாரியான ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களின் பட்டியலை 1905-இல் வெளியிட்டார். இலங்கைக்கு ஜே. பென்றி லூயிஸ் 1913-இல் அவ்வாறே செய்தார். வரலாற்றுச் சிறப்புடையவை எனக் கருதப்பட்ட கற்களையே இவர்கள் தேர்ந்தெடுத்தனர். அவை பெரும்பாலும் ஐரோப்பியருடையன. எனினும் லூயிஸ் நினைவுக்கல் இல்லாதோரைப் பற்றிய குறிப்புகளையும் தம் நூலில் சேர்த்தார். நாம் பின்பற்றத்தக்கது இச்சேர்க்கையே.

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் 1719-இல் அடக்கம் செய்யப்பட்ட சீகன்பால்கையும், 1838-இல் பாளையங்கோட்டையில் மரித்த ரேனியுஸையும், 1891-இல் மரித்து இடையன்குடி ஆலயத்தில் துயிலும் கால்டுவெல்லையும் எவரும் மறவார். ஆனால் 1799-இல் முதலூரில் குடியேறிய முதல் தலைமுறையினருள் எத்தனை பேரின் அடக்கஸ்தலத்தை நாம் சுட்டிக்காட்டக்கூடும்? 1951-இல் மரித்த ஏமி கார்மைக்கேல் தம் கல்லறைக்குக் கல் வேண்டாவெனக் கேட்டுக்கொண்டார். டோனாவூரில் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே நிற்கிறது. அது அவர் விரும்பித் தெரிந்துகொண்டது. ஏழை விசுவாசிக்கோ அத்தகைய தெரிவு இருக்கவில்லை. மண்மேடும் மரச்சிலுவையும் சில மழைக்காலங்களில் மறைந்தன.

ஆகவே ஆய்வாளர் முதலில் செய்யவேண்டியது துப்புரவு அன்று, பதிவு. புதரை வேரோடு பிடுங்கினால் கற்கள் பெயரும், தீயிட்டால் வெடிக்கும். சீமைக் கருவேலத்தை அடியில் வெட்டிவிடுதல் போதும். பின்னர்த் தோட்டத்தின் வரைபடம் ஒன்று தீட்டி, ஒவ்வொரு கல்லறைக்கும் எண் கொடுத்து, அளவு, திசை, கட்டுமானம், எழுத்து ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எழுத்தில்லாத மேட்டிற்கும் எண் உண்டு. மங்கிய எழுத்தைக் காலை, மாலைச் சாய்வொளியில் வாசிக்கலாம். கம்பித்தூரிகையும் அமிலமும் கல்லைக் கெடுக்கும். சுண்ணாம்புக் காரைப் பூச்சு அவற்றைச் சற்றும் தாங்காது. வாசகத்தை உள்ளவாறே பெயர்த்தெழுதுக. தமிழ் எண்களையும், 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவங்களையும், பிழையெனத் தோன்றுவனவற்றையும் திருத்துதல் தகாது. அவையே கல்லின் காலத்தையும் கொத்தியவரின் கல்வியையும் காட்டுவன.

அடுத்தது அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுதல். ஐரோப்பியரின் அடக்கப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கிராமச் சபையாரின் பதிவேட்டிற்கோ பெரும்பாலும் மறுபடி இல்லை. குருமனை அலமாரியில் கரையான் அரித்தால் அதோடு அழியும். ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வரும் அடக்கங்கள் கொள்ளைநோயையோ பஞ்சத்தையோ உணர்த்தும். 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தை ஒரு சபை எவ்வாறு கடந்தது என்பதை அறிக்கையின் மொத்தத் தொகையைவிட இப்பெயர்களும் வயதுகளும் தெளிவாகக் கூறும். கல்லும் ஏடும் கூறாததை ஊர் முதியோரிடம் கேட்டெழுதுதல் வேண்டும்.

வரைபடம் நமக்கு இனிமையாயிராத உண்மையையும் காட்டக்கூடும். சாதிப் பாகுபாட்டைத் திருச்சபையிலிருந்து நீக்குமாறு பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் விடுத்தார். அதன் பின்னும் தமிழகத்தின் சில இடங்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இடையே சுவரோ வரப்போ தனி வாயிலோ இருப்பின் அதையும் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். புதுப்பித்தல் என்னும் பெயரால் அதைச் சத்தமின்றி அகற்றிவிட்டு வரலாற்றைத் தூய்மையாக்க முயல்வது மனந்திரும்புதல் ஆகாது. சுவர் இடிக்கப்படவேண்டியதே, அது இருந்தது என்பதும் எழுதப்படவேண்டியதே.

யோர்தானைக் கடந்த பின் நாட்டப்பட்ட கற்களைக் குறித்துப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று யோசுவாவின் ஆகமம் நான்காம் அதிகாரம் எதிர்நோக்குகிறது. விடை கூறும் பொறுப்பு மூத்தோருடையது. இறையியல் மாணவர் தத்தம் சொந்தச் சபையின் தோட்டத்தை ஒரு விடுமுறையில் பதிவுசெய்து, ஒரு படியைச் சேகரத்திலும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைப்பாராயின், அவ்விடைக்குரிய சான்று அழியாதிருக்கும்.