தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் துரவு

"தோட்டம் துரவோடு இருந்த குடும்பம்" என்ற பேச்சு தமிழ் பேசும் ஊர்களில் எங்கும் கேட்கும். தோட்டம் எதுவென்று சிறுபிள்ளைக்கும் தெரியும். துரவு எதுவென்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள். 'சாப்பாடு கீப்பாடு' போல ஓசைக்காக ஒட்டிக்கொண்ட சொல் என்று எண்ணுபவர்கள் உண்டு. அச்சில் 'தோட்டம் துறவு' என்றும் அடிக்கடி வந்துவிடுகிறது. வல்லின றகரம் போட்டால் அது பற்றை விடுவது. இடையின ரகரத்தோடு வரும் துரவு, தண்ணீருக்காக மண்ணில் வெட்டிய பள்ளம். அது இல்லாவிட்டால் தோட்டமே இல்லை என்பதால்தான் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

சொல்லின் வேர் 'துர' என்னும் வினை. தேரைச் செலுத்துவது, அம்பை எய்வது, ஆணியை அறைவது, துளைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் பழந்தமிழ் இந்த ஒரு வினையைப் பயன்படுத்தியது. ஒன்றை உந்தி உள்ளே செலுத்துவது என்பதே இவற்றின் பொது. இன்று நாம் நாயைத் துரத்துகிறோம், பேருந்தைத் துரத்துகிறோம். துளைக்கும் பொருள் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. ஆனால் மரம் துளைக்கும் கருவிக்குத் துரப்பணம் என்ற பெயர் அகராதிகளில் இருக்கிறது. மலையாளத்தில் துளைப்பதற்குத் 'துரக்குக' என்பது இன்றைக்கும் வாழும் வினை. காசர்கோட்டுச் செம்பாறைக் குன்றுகளில் படுக்கைவாட்டில் குடைந்து போய்த் தண்ணீரைத் தானாக வழிந்துவரச் செய்யும் சுரங்கங்கள் உண்டு. அவற்றை வெட்டுபவர் செய்யும் வேலைக்கு அங்கே பெயர் துரக்கல்தான்.

இந்த வேரின் இன்னொரு கிளை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தேங்காய் துருவுகிறோம். துருவித் துருவிக் கேட்கிறோம். துருவுதல் என்றால் குடைவது, தேடுவது இரண்டும்தான். தண்ணீர் தேடுகிறவன் செய்வதும் அந்த இரண்டையும்தானே. தூர்வது இதற்கு நேர் எதிர். துரந்தால் பள்ளம், தூர்ந்தால் மேடு. ஒரு நெடில் குறிலுக்குள் நீர்நிலையின் பிறப்பும் இறப்பும் அடங்கிவிடுகின்றன.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் இந்தச் சொல் அரசாணையின் நடுவிலேயே நிற்கிறது. ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அதைப் பெறுகிறவர்களுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். சுட்ட செங்கல்லால் மாடி எடுக்கலாம், தென்னை வைக்கலாம் என்று போகும் அந்த வரிசையில், துரவும் கிணறும் இழிச்சலாம் என்றும் வரும். இழிச்சுதல் என்றால் கீழே இறக்குதல். நிலத்தடி நீரைத் தொடுவது அன்று கேட்டுப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது. துரவும் கிணறும் தனித்தனியே சொல்லப்படுவதையும் இங்கே கவனிக்க வேண்டும். பிற்காலத்து விற்பனைப் பத்திரங்கள் 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று வடசொல்லுக்கு மாறின. ஜலம் என்ற ஒற்றைச் சொல் எல்லா நீரையும் மூடிக்கொண்டது. எந்த நீர், எப்படி எடுத்த நீர் என்ற கேள்வி பத்திரத்தைவிட்டு வெளியேறிவிட்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டைவிட யாழ்ப்பாணத்து மண்ணில் தெளிவாகத் தெரியும். அங்கே கிணறு என்றால் சுற்றிக் கட்டு உண்டு. துரவுக்குக் கட்டுக் கிடையாது. வாய் அகலமாக, கரை சரிவாக, ஆள் இறங்கி நீர்மட்டத்துக்கே போய்விடும்படி வெட்டியிருக்கும். ஆழம் அதிகமில்லை. மணற்பாங்கான ஊர்களில் மாரி கழிந்தபின் நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இறங்கி, குடத்தையோ பனையோலைப் பட்டையையோ அமிழ்த்தி, ஏறிவந்து கன்றுக்கு ஊற்றுவார்கள். மாடும் அதே சரிவால் இறங்கிக் குடித்துவிட்டுப் போகும். குடிநீருக்கென்று மணலில் கையால் பறிக்கும் இன்னும் சிறிய குழிக்குப் பூவல் என்று பெயர். சங்க நூல்களில் வரும் கூவலோடு ஒட்டிப் பிறந்த சொல்லாகவே அது எனக்குக் கேட்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு ஏன் இத்தனை சொல்? ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு அது. வழுக்கியாறும் மழைக்காலத்து ஆறுதான். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் இருக்கிறது. கடல்நீர் கனம் கூடியது என்பதால் நன்னீர் அதன்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான கைபனும், அடுத்து ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் எழுதிவைத்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் உறைக்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்பு 40 அடி மேலே வரும். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதை ஊரே அறியும்.

மற்ற நிலங்களில் தண்ணீர் தேடுகிறவர் 'எங்கே' என்று கேட்கிறார். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்கிதையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதி, எந்த மரத்துக்குப் பக்கத்தில் புற்றிருந்தால் எந்தத் திசையில் தோண்டலாம் என்று சொல்லிப்போகிறார். கொங்கு நாட்டில் வேப்பங்குச்சியோடும் உள்ளங்கையில் தேங்காயோடும் நீரோட்டம் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் வரும். அங்கே கேட்க வேண்டியது 'எவ்வளவு ஆழம்', 'நல்ல தண்ணீரா சவர்த் தண்ணீரா' என்பதுதான். அகலமாக வெட்டு, ஆழமாகப் போகாதே என்பதே துரவின் வடிவம் சொல்லும் விடை. வில்லையின் மேல்தோலை மட்டும் வழித்தெடுக்கும் ஏற்பாடு அது. கைபன் எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பே மண்வெட்டி பிடித்தவர்கள் இதைச் செய்துவந்தார்கள்.

கிணறுகளில் துலா இருந்தது. ஆடுகாலில் பொருத்திய துலாமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, தோட்டத்தில் ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூன்று பேர் உடம்பு நோகும் அளவுக்கு மேல் ஒரு கிணற்றிலிருந்து நீர் போகாது. பலருக்குச் சொந்தமான பங்குக் கிணறு என்றால் இறைப்புக்கு முறைநாள் உண்டு. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படும். பரப்புக் கணக்கில் காணி பிரிந்தபோதும் கிணறு பிரியாமல் பொதுவில் நின்றது அதனால்தான். 1950, 60களில் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வந்தது. உடம்பு நோவு தீர்ந்தது, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, துலா மிதித்தவர் காலுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் எடுப்பதற்கு இருந்த எல்லை அன்றோடு போய்விட்டது. அதற்குப் பின் வந்த குழாய்க் கிணறு வில்லையை ஊடறுத்து நேரே ஆழத்துக்குப் போகிறது. துரத்தலில் அதுவும் ஒரு வகைதான். கருங்கல் நிலத்தில் ஆயிரம் அடி இறங்குகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் நியாயம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பொருந்தாது. அங்கே ஆழம் போகப் போக உப்பை அழைத்துவருகிறோம்.

இப்போது துரவுகளைத் தூர்த்து மதில் கட்டுகிறார்கள். பள்ளம் என்று நினைப்பதால் குப்பையும் கட்டட இடிபாடும் அதற்குள் போகின்றன. மாரியில் வெள்ளத்தை வாங்கி நிலத்துக்குள் இறக்கும் வேலையையும் அந்தப் பள்ளம் செய்கிறது என்பது மறந்துபோயிற்று. இருக்கிற துரவுகளையாவது பிரதேச சபைகள் பெயரோடும் எல்லையோடும் பதிந்து, ஆவணி, புரட்டாதியில் தூர்வாரிவிட வேண்டும். துரவுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது வேறு கேள்வி. மேல்தோல் நீர் என்பதால் மேலே போட்டதெல்லாம் அதில்தான் இறங்கும். செம்மண் தோட்டங்களில் அளவில்லாமல் இடும் யூரியாவும் வீட்டுக்கு வீடு உள்ள மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைக் கிணறுகளுக்குள் சேர்த்திருக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உண்டு. கொதிக்கவைத்தால் நைத்திரேற் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரை ஒருமுறையாவது சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். தோட்டத்துக்குப் பசளை இடும்போது அந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்து இருக்கிறது என்று கணக்குப் போட்டு யூரியாவைக் குறைக்கலாம்.