சவுரியிலிருந்து டோப்பாவுக்கு: வடதமிழகக் கூத்தில் பெண்வேடக் கூந்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வடதமிழகத் தெருக்கூத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று நடித்து வந்துள்ளனர். அவ்வேடத்தின் முதன்மை உறுப்பு கூந்தல். கடப்பாக்கத்தை உள்ளிட்ட செங்கற்பட்டுக் கடற்கரையைக் களமாகக் கொண்டு, பெண்வேடக் கூந்தல் சவுரி என்னும் இணைப்பு முடியிலிருந்து டோப்பா என்னும் முழுத்தலை முடிக்கு மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆண்களின் சிகை வழக்கம் குடுமியிலிருந்து கிராப்புக்கு மாறியதே இம்மாற்றத்துக்கு அடிப்படை என்பதும், அம்மாற்றம் பெண்வேடக் கலைஞரின் சமூக நிலையையும் பாதித்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, பெண்வேடம், சவுரி, டோப்பா, குடுமி, திரௌபதி வழிபாடு, இடைக்கழிநாடு.

1. முன்னுரை

தமிழ் அரங்க வரலாற்றில் ஆண் பெண்வேடம் ஏற்றல் குறித்துப் பல ஆய்வுகள் உள. அவை பெரும்பாலும் நடிகரின் குரலையும் நடையையும் பாட்டையும் பேசின. வேடத்தின் பொருள்சார் கூறுகளாகிய முடி, மார்க்கச்சு, அணிகலன் ஆகியன துணைச் செய்தியாகவே நின்றுவிட்டன. ஆனால் பெண்வேடம் கட்டும் ஆடவன் எதிர்கொள்ளும் முதல் வினா முடி பற்றியதே. முகத்துக்கு அரிதாரம் உண்டு. உடலுக்குச் சேலை உண்டு. தலைக்கு என் செய்வது? இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

2. களம்

கடப்பாக்கம் செங்கற்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். இடைக்கழிநாடு பேரூராட்சிக்கு உட்பட்டது. இதன் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இப்பகுதியின் கலை வரலாறு கோட்டையினும் பழமையானது. சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டவர். பாணரும் விறலியரும் செல்லும் வழியைப் பாடும் அந்நூல், விறலியின் அழகைக் கூறத் தொடங்குமிடத்து முதலில் அவளது கூந்தலையே எடுத்துக்கொள்கிறது. நெய் பூசி இருண்ட அக்கூந்தல் பொழியும் மழைக்கு உவமிக்கப்படுகிறது. ஆடுமகளை அவளது கூந்தலால் அறிமுகம் செய்யும் வழக்கம் இந்நிலத்தின் இலக்கியத்தில் அத்துணைத் தொன்மையானது.

பிற்காலத்தில் இந்நிலம் திரௌபதி வழிபாடு செறிந்த வடதமிழகத்தின் ஒரு பகுதியாயிற்று. செஞ்சியை மையமாகக் கொண்டு பரவிய இவ்வழிபாட்டில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும். படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவு செய்யும். இக்கூத்தே பெண்வேடக் கூந்தலின் வரலாற்றுக்கு வலுவான சான்று.

3. கூந்தலின் பால்

தமிழ் மொழி மயிருக்கும் பால் வகுத்துள்ளது. நிகண்டுகள் ஆண்மயிருக்கு ஒரு தொகுதிப் பெயரும், பெண்மயிருக்கு மற்றொரு தொகுதிப் பெயரும் தருகின்றன. குஞ்சியும் குடுமியும் ஆணுக்கு உரியன. கூந்தலும் ஓதியும் அளகமும் பெண்ணுக்கு உரியன. எனவே ஆடவன் கூந்தல் அணிதல் வெறும் ஒப்பனையன்று; மொழி வரைந்த எல்லையைக் கடத்தலும் ஆகும்.

இக்கடத்தலை இலக்கியம் அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று, காமன் பெண்கோலம் பூண்டு ஆடிய பேடியாடல். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, புகார் வீதியில் பேடிக்கோலத்துடன் ஆடியவரைக் காண மக்கள் கூடி நின்றதைக் கூறுகிறது. அக்கோலத்தில் சுருண்ட தாடியும் பூச்சூடிய குழலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. தாடி மழிக்கப்படவில்லை, குழலே பெண்மையைக் காட்டுகிறது.

பொய்ம்மயிர் வழக்கமும் பழமையானதே. பதிற்றுப்பத்தின் 43ஆம் பாட்டு கூந்தலைக் கவரியோடு சேர்த்துப் பேசுகிறது. அதனைக் கூந்தலுடன் வைத்து முடிக்கும் கவரிமயிராகக் கொள்வர். கவரிமாவையும் சாமரையையும் குறித்த சவரி என்னும் சொல்லே பின்னர்ப் பொய்ம்மயிரையும் குறித்து, பேச்சு வழக்கில் சவுரி ஆயிற்று.

4. குடுமியும் சவுரியும்

சவுரி தனித்து நிற்பதில்லை. தலையிலுள்ள முடியோடு பிணைத்துப் பின்னப்படுவது அது. ஆகவே அதனைச் சூடுவதற்குத் தலையில் பற்றுக்கோடாகச் சிறிதளவேனும் நீண்ட முடி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் ஆடவர் பலரிடம் அது இருந்தது, அதுவே குடுமி. குடுமியை அவிழ்த்துவிட்டால் பாதிக் கூந்தல் ஆயத்தம். அதனோடு சவுரியைச் சேர்த்துப் பின்னிக் குஞ்சலம் கட்டிப் பூச்சூட்டினால் சடை நிறைந்துவிடும். முன்தலை மழித்திருப்பின் அதனை நெற்றிச்சுட்டி முதலிய தலையணிகளும் முக்காடும் மறைக்கும்.

நகர மேடைக்கும் இவ்வசதி இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் கற்றோரும் வழக்குரைஞரும் பெண் பாத்திரம் ஏற்றனர். அவர்களுள் சி. ரங்கவடிவேலு புகழ்பெற்றவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் குழுக்களில் ஸ்திரீ பார்ட் ஏற்கும் சிறுவர் தனிப் பயிற்சி பெற்றனர். இக்கட்டத்தில் பெண்வேடக் கூந்தலின் ஒரு பாதி நடிகனின் உடலைச் சார்ந்தது. மறுபாதியே பொருளாக நின்றது.

தெலுங்கு நாட்டுக் குச்சிப்புடியில் இவ்வுறவின் உச்சத்தைக் காணலாம். பாமாகலாபத்தில் சத்தியபாமை திரைக்குப் பின்னின்று தன் சடையைத் திரைமீது வீசிக் காட்டியே தோன்றுவாள். அவ்வேடத்தை ஆண்களே ஏற்று வந்தனர். முகம் தெரியுமுன் சடை தெரிகிறது. அவையோர் பாத்திரத்தை அறிந்துகொள்கின்றனர்.

5. கிராப்பும் டோப்பாவும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பள்ளி, அலுவலகம், படை ஆகியவற்றின் வழியாகக் கிராப்பு பரவியது. குடுமி மறைந்த தலையில் சவுரியைப் பிணைக்க இடமில்லை. தலை முழுவதையும் மூடும் டோப்பா இதனால் இன்றியமையாததாயிற்று. துணி அல்லது வலையாலான குல்லாயின்மீது மயிரை வரிசையாகத் தைத்து அமைப்பதே டோப்பா. புராண நாடகங்களின் முனிவரும் கிழவரும் முன்பே பொய்முடி சூடினர். எனினும் பெண்வேடத்தில் அது விருப்பத்துக்குரியதாக இருந்த நிலை மாறிக் கட்டாயமாயிற்று.

ஆண்களின் சிகை வழக்கம் பெண்வேடத்தின் முடியைத் தீர்மானித்ததற்கு ஜப்பானியக் கபுகி அரங்கு நல்ல ஒப்புமை. அங்கு 1629இல் பெண்கள் மேடையேறுவது தடுக்கப்பட்டது. 1652இல் இளைஞர் குழுக்களும் தடுக்கப்பட்டன. பின்னர் நடிகர்கள் வயதுவந்த ஆடவரைப் போல முன்தலை மயிரை மழிக்க வேண்டியதாயிற்று. பெண்வேடமிட்டோர் மழித்த இடத்தைத் துணியால் மறைத்தனர். நாளடைவில் முழுமையான பொய்முடி வளர்ந்தது. அங்கு அரசாணை செய்ததை இங்குச் சமூக நடைமுறை செய்தது.

முழுமுடி புதிய வாயில்களையும் திறந்தது. டி.கே. சண்முகம் நரைத்த கூந்தலுடைய மூதாட்டியாக அவ்வையார் வேடமேற்று, 'அவ்வை' என்னும் அடைமொழியையே பெற்றார். இளமைப் பெண்வேடத்தைத் தாண்டிய முதுமைப் பெண்வேடம் அது; நடிகனின் சொந்த முடியைக் கொண்டு அமைக்க இயலாதது.

6. விரித்த கூந்தலின் தேவை

இசைநாடகத்துக்குச் சடையோ கொண்டையோ போதும். கூத்தின் பாஞ்சாலிக்கு அது போதாது. வில்வளைப்பு இரவில் அவள் பூமுடித்த மணமகள். துகிலுரிதல் இரவில் துச்சாதனன் அவளைக் கூந்தல் பற்றி இழுத்து வருகிறான். அவள் கூந்தலை விரித்துச் சூளுரைக்கிறாள். துரியோதனன் வீழும்வரை அவள் அதனை முடிப்பதில்லை. விராட நகரில் அவள் அரசிக்கு வண்ணமகளாகிப் பிறர் கூந்தலைப் புனையும்போதும் அவளது சபதம் நிறைவேறாமலே நிற்கிறது. படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் உருவின்மீது நின்று, செந்நீர் தோய்த்துக் கூந்தல் முடிக்கையில் கதை நிறைவுறுகிறது.

எனவே இவ்வேடத்துக்குரிய முடி மூன்று இயல்புகளைப் பெற்றிருத்தல் வேண்டும்: விரித்தால் இடைவரை தொங்க வேண்டும், இழுத்தால் கழலாதிருக்க வேண்டும், மீண்டும் முடிக்க இடந்தர வேண்டும். முடி கழன்றால் அது வேடத்தின் பிழையாக மட்டும் நிற்பதில்லை. வழிபடுவோர் தெய்வமாகக் காணும் உருவம் அவர்கள் கண்முன்னே சிதைந்துவிடும். இதனால் கலைஞர் தலையில் முதலில் துணியை இறுகக் கட்டி, அதன்மீது முடியைப் பொருத்தி, நாடாவால் பிணைத்து, முடிச்சைப் பூவாலும் அணியாலும் மறைப்பர். துச்சாதன வேடக்காரரும் முடியின் நுனியைப் பற்றாமல், பிணைப்பை ஒட்டிப் பற்றி, இழுப்பதுபோல் நடிக்க வேண்டும். எதிர்நின்று கொடுமை செய்பவனின் கையே பெண்வேடத்தைக் காக்கும் கையுமாகிறது.

7. பேணுதல்

கூத்து இரவு முழுதும் நிகழ்வது. வியர்வை, எண்ணெய், அரிதாரம், தீவட்டிப் புகை ஆகியன முடியில் படியும். கடலோர ஊர்களில் உப்பங்காற்றின் ஈரமும் சேர்ந்து சிக்கை மிகுவிக்கும். வேடம் கலைத்தபின் பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தலே முறை; வேரிலிருந்து சீவினால் தையல் பிரிந்துவிடும். மனித மயிராயின் சீயக்காயால் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துவர். தலையோடுள்ள மயிர்க்கு இயல்பாக எண்ணெய்ப் பசை ஊறும். பொய்முடிக்கு அவ்வூற்று இல்லையாதலின் உலர்ந்த பின் சிறிதளவு தேங்காய் எண்ணெய் தடவுவர். மிகுந்தால் புழுதி ஒட்டும். பருவம் முடிந்தால் துணியில் சுற்றி, அந்துருண்டையோ வேப்பிலையோ இட்டு, வேடப்பெட்டியில் வைப்பர். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமல் ஒப்பனைக் கொட்டகையில் மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்வது.

8. வாங்குதல்

முடியின் தரம் அது கிடைத்த வழியைப் பொறுத்தது. திருத்தணி, பழநி, திருப்பதி ஆகிய தலங்களில் காணிக்கையாக மழிக்கப்படும் மயிரின் வேரும் நுனியும் ஒரே திசையில் அமையும். அதனால் சிக்கு குறைவு. வீடுதோறும் சீப்பில் சேரும் சிக்குமுடியை வாங்கிப் பிரித்துச் சேர்க்கும் வணிகமும் உண்டு. அதில் வேரும் நுனியும் கலந்து, மயிரின் மேற்செதில்கள் ஒன்றையொன்று உரசுவதால் விரைவில் சிக்குண்ணும்.

1960களின் நடுவில் ஐக்கிய அமெரிக்கா சீன மயிரின் இறக்குமதியைத் தடை செய்தபின் உலகச் சந்தையில் இந்திய மயிருக்குத் தேவை மிகுந்தது. கோயில் மயிர் ஏலப் பொருளாயிற்று. திருமலையில் 2011 முதல் மின்னேலமும் நடைபெறுகிறது. தமிழ்ப் பெண்ணின் கூந்தல் கடல் கடக்கும் விலை பெற்றபோது, தமிழ்க் கூத்தில் பெண்ணாகத் தோன்றும் கலைஞருக்கு அது எட்டாப் பொருளாயிற்று. அவ்விடத்தை நைலான் முதலிய செயற்கை இழை நிரப்பியது. அது விலை குறைந்தது. நனைந்தால் விரைவில் உலர்வது. ஆனால் மின்விளக்கில் மிகையாகப் பளபளக்கும், வெப்பத்தில் உருகும். தீப்பந்தமும் கற்பூரமும் நீங்காத களத்தில் இது சிறு குறையன்று. கூலி குறைந்த குழுக்கள் முடியை வாடகைக்குப் பெறுவதும், ஒரே முடியைப் பலர் மாறி மாறிச் சூடுவதும் இதனால் நேர்கின்றன.

9. வேடம் கலைந்தபின்

இம்மாற்றத்தின் சமூக விளைவு நோக்கத்தக்கது. பெண்வேடத்துக்காக முடி வளர்த்த கலைஞர் பகலிலும் அதனைத் தம் தலையில் சுமந்தார். கிராப்பு பொதுவழக்கான பின்னர் நீள்முடி ஐயத்துக்கும் ஏளனத்துக்கும் இலக்காயிற்று. டோப்பா இவ்விடரைத் தீர்த்தது. கூந்தல் உடலிலிருந்து பெட்டிக்கு நகர்ந்தது. வேடம் கலைத்த கலைஞர் வயலுக்கோ தறிக்கோ அடையாளமின்றித் திரும்ப முடிந்தது. எனில் இத்தீர்வுக்கு ஒரு விலையும் உண்டு. இரவில் போற்றப்படும் பெண்மை பகலில் மறைத்து வைக்கத்தக்கது என்னும் எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது.

சட்டமும் இவ்வெல்லையை வரைந்ததுண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியப் பகுதிகளில் அரவாணியர் எனப் பதிவு செய்யப்பட்டோர் பொதுவிடத்தில் பெண்ணுடையும் அணியும் பூண்டு தோன்றுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. தெற்கில் அப்பகுதி நடைமுறைப்படுத்தப்படவில்லை. எனினும் கூத்துக்களம் அளித்த இசைவு களத்தோடே நின்றது. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. அண்மைக் காலத்தில் திருநங்கையர் சிலர் தம் சொந்தக் கூந்தலுடன் பெண்வேடம் ஏற்கின்றனர். பெட்டிக்குச் சென்ற கூந்தல் மீண்டும் உடலுக்கு வருகிறது. ஆனால் இம்முறை அது விடிந்தபின்னும் கலைவதில்லை.

10. முடிவுரை

பெண்வேடக் கூந்தலின் வரலாற்றில் மூன்று நிலைகள் புலனாகின்றன: குடுமியோடு பிணைந்த சவுரி, கிராப்புத் தலையை மூடிய டோப்பா, திருநங்கைக் கலைஞரின் சொந்தக் கூந்தல். ஒவ்வொரு நிலையையும் அரங்கத்தின் அழகியலைவிட அரங்குக்கு வெளியே ஆணின் தலை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்ற சமூக விதியே வடிவமைத்தது. எனவே வேடப்பெட்டியிலுள்ள டோப்பாவை அரங்கப் பொருளாக மட்டும் கருதுதல் பொருந்தாது. ஆண்மை, பெண்மை பற்றிய சமூக உடன்பாடு மாறியதற்கான சான்றாகவும் அதனைக் கொள்ளல் வேண்டும். கூத்துக் குழுக்களின் கிரீடமும் புஜகீர்த்தியும் அருங்காட்சியகங்களில் இடம்பெறும் இக்காலத்தில், பெண்வேடத்தின் முடி பழையதானவுடன் எறியப்பட்டு விடுகிறது. அதனோடு அதனைச் சூடியவரின் வரலாறும் மறைகிறது. இடைக்கழிநாடு போன்ற பகுதிகளில் மூத்த பெண்வேடக் கலைஞரின் வாய்மொழியையும் எஞ்சிய முடிகளையும் ஆவணப்படுத்துதல் காலத்தாற் செய்யத்தக்க பணியாகும்.